நவாப் போனார், ஊர் இருந்தது

காட்பாடி ஜங்ஷனில் எந்த ரயில் நின்றாலும் இறங்குகிற கூட்டத்தை மூன்றாகப் பிரித்துவிடலாம். ஸ்கேன் எடுத்த உறையை நெஞ்சோடு அணைத்தபடி சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகும் வங்காளக் குடும்பங்கள், முதுகுப் பையோடு வி.ஐ.டி. மாணவர்கள், சித்தூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள். நான் போனது ஆற்காட்டு நவாப்கள் ஆண்ட பாலாற்றங்கரையைப் பார்க்க.

அந்த ஆசையைக் கிளப்பியது ஸ்பெயின். மத்திய கால ஐரோப்பாவில் முஸ்லிம்கள் ஆண்ட நாடு ஒன்று இருந்தது. அதன் பெயர் அந்தலூஸ். 711இல் தாரிக் இப்னு ஸியாதின் படை வட ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி இறங்கியது. 756இல் அப்துர் ரஹ்மான் கொர்தோபாவில் தனி அரசை நிறுவினார். 929இல் அவர் வழிவந்தவர் கலீஃபா என்று அறிவித்துக்கொண்டார். 1031இல் அந்த அரசு சிதறி, சிற்றரசுகளாகி, ஒவ்வொன்றாக விழுந்து, கடைசி நகரமான கிரனாடா 1492 ஜனவரி 2ஆம் தேதி கைமாறியது. ஏறக்குறைய 780 ஆண்டுகள். அதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இரண்டே குரல்கள் கேட்கும். எல்லா மதத்தாரும் கூடி வாழ்ந்த பொற்காலம் என்று ஒன்று, அந்நியர் பிடியில் கிடந்த காலம் என்று மற்றொன்று. இரண்டையும் படித்துச் சலித்தபோது, நம் வீட்டுப் பக்கத்திலேயே அப்படி ஒரு சீமை இருக்கிறதே, அதில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று போய்ப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

காட்பாடியிலிருந்து வேலூருக்கு ஆட்டோ பிடித்தேன். ஓடைப் பிள்ளையார் கோயில் தாண்டி, விருதம்பட்டு வந்ததும் பாலாற்றுப் பாலம். கீழே மணலும் முட்புதரும்தான். ஓட்டுநர் எங்கள் ஊர்ச் சொலவடை தெரியுமா என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார்: "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. இதான் சார் வேலூர். சாமி மட்டும் திரும்பி வந்துட்டாரு."

சாமி திரும்பி வந்த கோயில் கோட்டைக்குள் இருக்கிறது. வேலூர்க் கோட்டை 133 ஏக்கர். விஜயநகரப் பேரரசுக்கு அடங்கிய பொம்மி நாயக்கர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கருங்கல் மதில், அதைச் சுற்றி அகழி. நான் போன நேரம் அகழியில் தண்ணீர் இருந்தது. மதில் மேல் காலேஜ் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் நின்றால் தூண்களை விட்டுக் கண் நகராது. காளையின் முகமும் யானையின் முகமும் ஒன்றையொன்று பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தை ஒரு தாத்தா தன் பேத்திக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு பாதியைக் கையால் மூடினால் யானை, மறு பாதியை மூடினால் காளை. இவ்வளவு வேலைப்பாடு செய்த கோயில் ஏறக்குறைய 400 ஆண்டுகள் மூலவர் இல்லாமல் கிடந்தது. போர்க்காலத்தில் லிங்கம் வெளியே கொண்டுபோகப்பட்டது. கோயில் ஆயுதக் கிடங்காகவும் இருந்திருக்கிறது. 1981 மார்ச் 16ஆம் தேதி சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து மீண்டும் வைத்தார்கள். அன்றிலிருந்து பூஜை நடக்கிறது.

கோயிலிலிருந்து சில நிமிட நடையில் மசூதி. நவாப் காலத்தில், 1750ஐ ஒட்டிக் கட்டியது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, தொழுகை நடப்பதில்லை. தொழுகைக்குத் திறக்கச் சொல்லி ஊரில் பலமுறை கோரிக்கை எழுந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் நடந்தால் 1846இல் ஆங்கிலேயர் கட்டிய செயின்ட் ஜான்ஸ் தேவாலயம். கோயில், பள்ளிவாசல், சர்ச் மூன்றும் ஒரே மதிலுக்குள் இருப்பதைக் காட்டி 'மத நல்லிணக்கத்தின் சின்னம்' என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் இவை ஒரே காலத்தில் ஒருவருக்கொருவர் இடம் கொடுத்துக் கட்டியவை அல்ல. ஒவ்வொரு ஆட்சியும் வந்தபோது தனக்கென்று ஒன்றைக் கட்டியது. முந்தையதை இடிக்கவில்லை என்பதுதான் விசேஷம்.

கொர்தோபாவில் வேறு மாதிரி நடந்தது. அங்கே இருந்த பெரிய மசூதியை 1236இல் நகரைப் பிடித்த மூன்றாம் ஃபெர்னாண்டோ தேவாலயமாக்கினார். 1523இல் அதன் நடு வயிற்றிலேயே ஒரு கதீட்ரல் எழுப்பத் தொடங்கினார்கள். சிவப்பும் வெள்ளையுமான வளைவுகளின் காட்டுக்குள் திடீரென்று ஒரு தேவாலயம் நிற்கும். இன்று அங்கே திருப்பலி நடக்கும், முஸ்லிம்கள் தொழ அனுமதி இல்லை. வேலூரில் தனித்தனியாக நிற்கும் கட்டடங்களில் ஒன்று பூட்டியிருக்கிறது. அங்கே கட்டடமே ஒன்றுக்குள் ஒன்று. இரண்டு இடத்திலும் யார் உள்ளே கும்பிடலாம் என்ற வழக்கு முடிந்தபாடில்லை.

கோட்டையின் ஆட்சி வரலாற்றைப் பார்த்தால் 'இந்து ஆட்சி போய் முஸ்லிம் ஆட்சி வந்தது' என்ற ஒற்றைக்கோடு நிற்பதில்லை. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பீஜாப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1678இல், ஒரு வருடத்துக்கு மேல் முற்றுகையிட்ட மராட்டியர் அவர்களிடமிருந்து பறித்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஔரங்கசீப்பின் தளபதி தாவூத் கான் மராட்டியரிடமிருந்து எடுத்தார். அடுத்துத் தாவூத் கானிடமிருந்து பொறுப்பேற்ற சாதத்துல்லா கான் 1710இலிருந்து 1732 வரை ஆற்காட்டை ஆண்டார். இவர் கொங்கண் கரையின் நவாயத் சமூகத்தவர். பெயரளவில் தில்லிக்கும் ஹைதராபாத்துக்கும் கட்டுப்பட்டவர், நடப்பில் தனி அரசர்.

அதன் பிறகு சண்டை முழுக்கக் குடும்பத்துக்குள். 1742இல் இதே கோட்டையில் நவாப் சஃப்தர் அலியை அவருடைய உறவினரும் கோட்டைத் தலைவருமான முர்தசா அலி கொலை செய்வித்தார். முதலில் உணவில் விஷம், அது பலிக்காமல் கத்தி. ஆற்காடு போய்த் தன்னை நவாப் என்று அறிவித்துக்கொண்டவர், படை தன் பக்கம் இல்லை என்று தெரிந்ததும் பெண் வேடமிட்டுப் பல்லக்கில் வேலூருக்கே ஓடிவந்தார். அந்தலூஸில் 1031க்குப் பிறகு நடந்தது இதுதான். சிற்றரசர்கள் ஒருவரை ஒருவர் கவிழ்க்கக் கிறிஸ்தவ அரசர்களின் வாளை வாடகைக்கு எடுத்தார்கள். ஸ்பெயினின் தேசிய வீரன் என்று பாடப்படும் எல் சித் சில ஆண்டுகள் ஸரகோஸாவின் முஸ்லிம் அரசரிடம் சம்பளம் வாங்கியவன்.

திப்பு மகால், ஹைதர் மகால் பக்கம் போனேன். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் திப்பு சுல்தானின் பிள்ளைகளையும் குடும்பத்தையும் ஆங்கிலேயர் இங்கேதான் காவலில் வைத்தார்கள். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனையும் பின்னால் வேலூருக்குத்தான் கொண்டுவந்தார்கள். 1832இல் இறந்த அவருடைய சமாதி பாலாற்றங்கரையில் முத்து மண்டபமாக நிற்கிறது. பதவி இழந்த அரசர்களை வைக்க ஒரு கிடங்கு கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தேவைப்பட்டது, அது வேலூர்.

அந்தக் கிடங்கில்தான் 1806 ஜூலை 10 விடியற்காலையில் தீப்பிடித்தது. தளபதி ஜான் கிரடாக் சிப்பாய்களுக்குப் புதிய விதிகள் போட்டிருந்தார். நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, பழைய தலைப்பாகைக்குப் பதில் தோல் குஞ்சம் வைத்த புதுத் தொப்பி. தோல் எந்த மிருகத்தினுடையது என்ற சந்தேகம் இந்துச் சிப்பாய்க்கும் இருந்தது, முஸ்லிம் சிப்பாய்க்கும் இருந்தது. கோட்டையைப் பிடித்தார்கள், திப்புவின் கொடியை ஏற்றினார்கள், நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயரைக் கொன்றார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சில மணி நேரத்தில் அடக்கிவிட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

கோட்டைக்கு எதிரே மக்கான் சந்திப்பில் அதற்கு ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 10 அன்று அதிகாரிகள் வந்து மலர்வளையம் வைப்பார்கள். கிரனாடாவில் ஆண்டுதோறும் ஜனவரி 2 அன்று நகரைப் பிடித்த நாளைக் கொண்டாடுகிறார்கள், அதை எதிர்த்து ஆர்ப்பாட்டமும் நடக்கிறது. ஒரு ஊர் தன் கடந்த காலத்திலிருந்து எந்தத் தேதியைப் பொறுக்கி எடுக்கிறது என்பது சும்மா இல்லை. வேலூர் பொறுக்கியது யாரிடமிருந்து யார் பிடித்த நாளையும் அல்ல. இரு மதத்துச் சிப்பாய்களும் சேர்ந்து மூன்றாம் ஆளை எதிர்த்த நாளை.

மறுநாள் காலை ஆற்காடு பஸ். ராணிப்பேட்டை வழியாகப் போனால் ஊர்ப் பெயரிலேயே நவாப் காலம் நிற்கும். செஞ்சியின் தேசிங்கு ராஜன் 1714இல் சாதத்துல்லா கானின் படையோடு மோதி மாண்டதும் அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள், அவள் நினைவாக நவாப் எழுப்பிய ஊர் ராணிப்பேட்டை என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. நாம் தெருக்கூத்தில் பார்த்து அழுகிற தேசிங்கு கதையில் அவனுக்காக உயிர் விடும் தோழன் ஒரு முஸ்லிம், மோவுத்துக்காரன். எதிரியும் முஸ்லிம், உயிர்த்தோழனும் முஸ்லிம் என்று பாட நம் கூத்துக்காரர்களுக்கு எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

ஆற்காட்டில் நவாப்களின் தலைநகரைத் தேடிப் போகிறவர் ஏமாறத் தயாராக இருக்க வேண்டும். பாலாற்றின் கரையில் தில்லி தர்வாசா மட்டும் நிற்கிறது. செங்கல் வளைவு, மேலே ஒரு சிறு மாடம். கோட்டையை 1783இல் திப்புவின் படை தகர்த்துவிட்டது. 1751இல் ராபர்ட் கிளைவ் 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் வந்து, நவாப் பதவிக்கு உரிமை கோரிய சந்தா சாகிப்பின் பக்கத்தாரிடமிருந்து பிடித்து, 50 நாள் முற்றுகையைத் தாங்கிய இடம் இது. அரிசி தீர்ந்தபோது சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரருக்குக் கொடுத்து வடிகஞ்சியைத் தாங்கள் குடித்தார்கள் என்று ஆங்கிலப் பள்ளிப் புத்தகங்கள் நெகிழ்ந்து எழுதிய கதையும் இங்கே பிறந்ததுதான்.

ஊருக்குள் திப்பு மஸ்தான் அவுலியா தர்கா. ஹைதர் அலியின் மகனுக்குத் திப்பு என்ற பெயர் வந்தது இந்த அவுலியாவால். நான் போனபோது மடியில் கைக்குழந்தையோடு ஒரு அம்மா, நெற்றியில் குங்குமம், கையில் மல்லிகைச் சரம். மயிலிறகால் குழந்தையின் தலையைத் தடவிவிட்ட பெரியவரிடம், "நைட்டெல்லாம் அழுவுது பாய், ஓதி விடுங்க" என்றார். கோட்டையில் நான் தேடிய நல்லிணக்கம் தொல்லியல் துறைப் பலகை எதுவும் இல்லாமல் இங்கே நடந்துகொண்டிருந்தது.

நவாப் ஆட்சி எப்படி முடிந்தது என்பதில்தான் ஆற்காட்டுக்கும் கிரனாடாவுக்கும் உறவு மிக நெருக்கம். கிரனாடா அரசு 250 ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம், அது அண்டைக் கிறிஸ்தவ நாடான காஸ்திலின் அரசருக்குக் கப்பம் கட்டியது. தங்கம் கொடுத்து நாட்களை வாங்கியது. ஆற்காட்டில் முகமது அலி வாலாஜா ஆங்கிலேயப் படையின் செலவை ஏற்றுக்கொண்டு ஆட்சியை வாங்கினார். 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூர்ப் போரில் தந்தை நவாப் அன்வருத்தீன் யானை மேலேயே மாண்டபோது திருச்சிக்குத் தப்பி ஓடியவர் இவர். சந்தா சாகிப் பக்கம் பிரெஞ்சுக்காரர், இவர் பக்கம் ஆங்கிலேயர். ஜெயித்த பிறகு பில் வந்தது. கம்பெனிக்குக் கடன், கம்பெனி அதிகாரிகளிடம் தனியாக வட்டிக்குக் கடன், அந்தக் கடனுக்கு ஈடாக ஜில்லா ஜில்லாவாக வரி வசூல் உரிமை. அந்தக் கடன்களின் நாற்றம் லண்டன் நாடாளுமன்றம் வரை போய், 1785இல் எட்மண்ட் பர்க் அதைப் பற்றியே நீண்ட உரை நிகழ்த்தினார். வட்டி கட்டியது பாலாற்றங்கரைக் குடியானவன். 1801 ஜூலை 31இல் நவாப் அசீமுத்தௌலா உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் நவாப் பட்டமும் அவருக்கு, நாடு கம்பெனிக்கு.

எந்த மதப்போரும் நவாபை வீழ்த்தவில்லை, கடன்தான் வீழ்த்தியது. அதனால்தான் அடுத்து நடந்தது ஸ்பெயினிலிருந்து அடியோடு வேறுபட்டது. கிரனாடா சரணடைந்தபோது எழுதிய உடன்படிக்கை முஸ்லிம்களின் மதத்துக்கும் சொத்துக்கும் உறுதி சொன்னது. பத்து ஆண்டு தாங்கவில்லை. 1502இல் காஸ்தில் முழுவதும் மதம் மாறு, இல்லையேல் வெளியேறு என்று ஆணை. மாறியவர்களையும் நம்பாமல், 1609 முதல் 1614 வரை ஏறக்குறைய 3 லட்சம் பேரைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். யூதர்களை அதற்கு முன் 1492லேயே துரத்தியாயிற்று. துரத்தப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் அந்த மண்ணிலேயே முன்பு இஸ்லாத்துக்கு மாறிய குடும்பங்களின் வழிவந்தவர்கள். நீர்ப்பாசனமும் தோட்டமும் அவர்கள் கையில் இருந்தன. வலென்சியாவின் வயல்கள் ஆளில்லாமல் கிடந்தன. கம்பெனிக்கோ வேண்டியது வரி. ரம்ஜான் நோன்பு யார் வைக்கிறார்கள் என்பதில் அதற்கு ஆதாயமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நவாப் போனார், ஊர் இருந்தது.

இருந்த ஊர் என்ன செய்தது என்று பார்க்க மேல்விஷாரத்தில் இறங்கினால் போதும். ஆற்காட்டை ஒட்டிய சிறு நகரம். அங்கே பிறந்து தோல் வியாபாரத்தில் பெரும் பொருள் ஈட்டிய சி. அப்துல் ஹக்கீம், சென்னை சென்ட்ரலுக்கு எதிரே சித்தீக் சராய் என்ற சத்திரத்தைக் கட்டினார். அவர் பெயரில் 1965இலிருந்து மேல்விஷாரத்தில் கல்லூரி நடக்கிறது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919லேயே வந்துவிட்டது. அரண்மனை நிலைக்காத சீமையில் கல்லூரிகள் மிஞ்சின, அவற்றின் அஸ்திவாரத்தில் தோல் காசு இருக்கிறது.

தோலைப் பார்க்கக் காட்பாடிக்குத் திரும்பி, ஆம்பூருக்கு ரயில் ஏறினேன். லத்தேரி, குடியாத்தம், மேல்பட்டி, பச்சகுப்பம். ஆம்பூரில் கதவு பக்கம் நின்றிருந்தால் ஊர் வருவது மூக்குக்கு முதலில் தெரியும்.

அறிமுகமான ஒருவர் மூலம் ஒரு தோல் ஷாப்புக்குள் போனேன். பதனிடும் இடத்தை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். இரண்டு ஆள் உயர மர டிரம்கள் மெதுவாகச் சுழல்கின்றன. உள்ளே தோலும் குரோமிய உப்புக் கரைசலும். வெளியே எடுத்தால் வெளிர் நீலத்தில், ஈரமாக, வழுவழுப்பாக இருக்கிறது. பெரியவர் ஒருவர், மூன்று தலைமுறையாக இதே தொழில், ஒரு துண்டை என் கையில் கொடுத்தார்.

"முன்னே இது இல்லீங்க. ஆவாரம் பட்டை, கடுக்கா. குழியில ஊறப்போட்டு வாரக்கணக்குல காத்திருப்போம். தோல் பழுப்பா வரும். அப்பிடியே கப்பல் ஏத்திடுவோம், வெள்ளைக்காரன் அங்க முடிச்சுக்குவான்."

"எப்ப மாறிச்சு பாய்?"

"எழுபதுகள்ல. பாதித் தோலா அனுப்பக் கூடாது, இங்கயே முடிச்சு அனுப்புன்னு கவர்மெண்ட் சொல்லிடுச்சு. அப்பறம்தான் ஷூ கம்பெனிங்க வந்துச்சு."

கொர்தோபாவின் ஆட்டுத்தோல் மத்திய கால ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றது. அங்கே ஆவாரைக்குப் பதில் சுமாக் என்ற செடியின் இலை. பட்டையிலும் இலையிலும் உள்ள துவர்ப்புச் சத்துத்தான் இரண்டு இடத்திலும் தோலை அழுகாமல் காத்தது. கொர்தோபாவின் தோல் புகழ் பழங்கதையாகிவிட்டது. ஆம்பூரிலிருந்து இன்றும் ஐரோப்பாவுக்கு ஷூ போகிறது. மாலை 6 மணிக்கு ஷூ கம்பெனிகள் விட்டதும் தெருவில் பெண்கள் வெள்ளம். புர்கா, புடவை, சுடிதார், எல்லார் கழுத்திலும் அடையாள அட்டை. சுற்றுக் கிராமங்களுக்குப் போகும் கம்பெனி பஸ்களில் இடம் பிடிக்க ஓடுகிறார்கள்.

இதையும் பொற்காலமாக எழுதிவிடக் கூடாது. தோல் ஷாப்பில் முதலாளி பெரும்பாலும் முஸ்லிம். சுண்ணாம்புக் குழியில் முழங்கால் வரை நின்று ரோமம் களைந்தவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். தோலைத் தொடுவது தீட்டு என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டதால்தான் இந்த வியாபாரம் முஸ்லிம்கள் கைக்கு வந்தது, அந்த உழைப்பு தலித் மக்கள் தலையில் விழுந்தது. கூடி வாழ்வது உண்மை. யார் மேலே, யார் கீழே என்பதும் அதில் அடக்கம். அந்தலூஸிலும் கிறிஸ்தவரும் யூதரும் தனி வரி கட்டித்தான் பாதுகாப்பாக வாழ்ந்தார்கள்.

டிரம்மிலிருந்து வடியும் நீலத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் குழாய் போகிறது என்று காட்டினார்கள். அந்த நிலையங்களும் குழாய்களும் தானாக வந்தவை அல்ல. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இந்தியாவின் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அது ஒரு தூண். அதற்கு முன் பல பத்தாண்டுகள் கழிவு பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும் போயிற்று. 2025 ஜனவரியில் அதே பாலாறு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீடும் கண்காணிப்பும் உத்தரவிட வேண்டியிருந்தது.

"எங்க தாத்தா பாலாத்து ஊத்துத் தண்ணிய அள்ளிக் குடிச்சாரு. நாங்க கேன் வாங்கறோம்" என்றார் பெரியவர். கிணறு உப்பாகி, வயலை விட்டு ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறியவர்கள் அந்த மாலைக் கூட்டத்திலும் இருந்திருப்பார்கள். வலென்சியாவின் குடியானவர்களை ஓர் அரசரின் ஆணை நிலத்தை விட்டுக் கிளப்பியது. இங்கே நவாபும் கிளப்பவில்லை, கம்பெனியும் கிளப்பவில்லை. அந்த வேலையைச் செய்தது இங்கேயே தங்கிப் பிழைத்தவர்களின் தொழில். பாலாற்றங்கரையில் யார் யாரோடு வாழ முடிகிறது என்று இனி பார்க்கப் போகிறவர் கோட்டைக்குப் போவதற்கு முன் ஒரு கிணற்றில் வாளியை இறக்கிப் பார்ப்பது நல்லது.